கரையிலிருந்து மலைக்கு

மன்னார்த் தீவிலே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மலை என்பது நூலிற் படித்த பொருள். மணலும் பனையும் கடலுமே அவன் கண்ட உலகம். ஆதலால், மாணவரை மலைநாட்டுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், பயணச் செலவைக் கணக்கிட்டதோடு தம் கடமை முடிந்ததெனக் கருதலாகாது. இதனை நான் பட்டறிந்து கூறுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், மாணவர் சிலருடன் நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலை ஏறப் புறப்பட்டேன். இங்கே சோளகம் வறண்டு வீசி மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அங்கும் வானம் தெளிந்திருக்கும் என்று நம்பினேன். பாதி வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஒற்றைப் பருத்திச் சட்டையுடன் வந்த ஒரு மாணவன் உதடு நீலம் பாரிக்க நடுங்கினான். ஏறியது போதுமென்று திரும்பினோம். அடிவாரத்துத் தோட்டக் குடியிருப்பொன்றில் முதியவர் ஒருவர் அவனைக் கம்பளியாற் போர்த்தித் தேநீர் தந்தார். எங்கள் ஊரை விசாரித்தவர், “மன்னாருங்களா? எங்க முப்பாட்டன் வந்து இறங்கின கரையாச்சே!” என்றார்.

அன்று இரண்டு பாடங்கள் கற்றேன்.

முதலாவது, காற்றைப் பற்றியது. மே முதல் செப்டெம்பர் வரை நமக்கு வறட்சி தரும் அதே தென்மேற்குக் காற்றே மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி, எழுந்து, குளிர்ந்து, பெருமழையாகப் பொழிகிறது. 1000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். 2243 மீற்றர் உயரமான அச்சிகரத்தில் நம் கரையைவிட ஏறத்தாழ 14.5 பாகை குறைந்திருக்கும். டிசெம்பர்ப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரையே யாத்திரைக் காலம். அக்காலத்திலும் கம்பளிச் சட்டை, மழையங்கி, மாற்றுடை, கைவிளக்கு, குடிநீர் ஆகியன வேண்டும். ஈரக் காட்டுவழியாயின், அட்டைக்கு நம் உப்பளத்து உப்பும் ஒரு பிடி வேண்டும்.

இரண்டாவது, வரலாற்றைப் பற்றியது. 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், காட்டு வழியே மாத்தளைக்குக் கால்நடையாகச் சென்றனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவர்களை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி, ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையை அடைந்தது.

எவ்வித ஆயத்தமுமின்றி மலைக்குக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல் ஒருவரே, ஆயத்தமின்றி நான் அழைத்துச் சென்ற மாணவனைக் காத்தார். அக்கடனை நான் மறக்கவில்லை. ஆசிரிய அன்பர்களே, சுற்றுலாவுக்கு ஒரு வாரம் முன்னதாக ஒரு பாடவேளையை அக்காற்றுக்கும் மற்றொன்றை அப்பாதைக்கும் ஒதுக்குங்கள். அதன் பின்னர்ப் பிள்ளைகளைப் பையைக் கட்டச் சொல்லுங்கள்.