முளையிலே தெரியுமா?

சகோதரிகளே, 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாமும் சொல்லி வருகிறோம். எதிர் வீட்டுக் குழந்தை 3 வயதில் நூறு வரை எண்ணினால், "பாருங்களேன், இது கலெக்டராகத்தான் வரப் போகிறது!" என்கிறோம். நம் வீட்டுப் பையன் ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் 40 வாங்கினால், அப்போதும் இதே பழமொழிதான். குரல் மட்டும் வேறு!

இந்தப் பழமொழி எவ்வளவு தூரம் நிஜம் என்று இந்த வாரம் சற்றே உரசிப் பார்க்கலாம். உரைகல்லைத் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. பிள்ளையோ பெண்ணோ, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் வீடியோ கேமிலேயே அது இருக்கிறது. எல்லாக் கேமிலும் அல்ல, பேஸ்பால் கேமில்.

பேஸ்பால் என்பது அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஜனங்கள் உயிரை விடும் ஆட்டம். ஒருவர் பந்தை எறிவார்; இன்னொருவர் உருண்டை மட்டையால் அதை அடித்துவிட்டு ஓடுவார். நம் கிரிக்கெட்டுக்குத் தாயாதி முறை என்று வைத்துக்கொள்ளுங்களேன். இவ்வளவு தெரிந்தால் போதும், மேலே படிக்கலாம்.

இந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஆடுவதில் இரண்டு தினுசு உண்டு. பட்டனைத் தட்டி மட்டையைச் சுழற்றுவது ஒன்று. மற்றொன்றுக்கு 'பிரான்சைஸ்' என்று பெயர். இதில் மட்டையைத் தொடக்கூட வேண்டாம். ஒரு கிளப்பையே கையில் எடுத்துக்கொண்டு பத்து வருஷம், இருபது வருஷம் என்று நடத்த வேண்டும். யாரைச் சேர்ப்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம், பதினெட்டு வயதுப் பையனை எங்கே வைத்து எப்படிப் பழக்குவது... சுருக்கமாகச் சொன்னால், பெரிய குடும்பத்தில் குடித்தனம் நடத்துவது போலத்தான்! இப்படி யோசித்து நடத்துவதில் உள்ள ருசியை வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டவர் டான் டாக்லோ என்ற அமெரிக்கர். 1971-ல் போமோனா கல்லூரியில் மாணவராக இருந்தபோது, அங்கிருந்த பெரிய கம்ப்யூட்டரில் அவர் எழுதிய பேஸ்பால் புரோகிராம்தான் இந்த வம்சத்துக்கு மூதாதை.

இனி விஷயத்துக்கு வருவோம். 'எம்.எல்.பி. தி ஷோ' என்று ஒரு கேம். ஸோனி கம்பெனியின் தயாரிப்பு. 2006 முதல் வெளிவருகிறது. இதில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் 99-ஐ உச்சமாக வைத்து ஒரு மதிப்பெண் உண்டு. அது இன்றைய நிலவரம். நாளைக்கு எப்படி வருவார் என்பதற்கும் 'ஏ', 'பி', 'சி', 'டி' என்று ஓர் எழுத்துப் போட்டிருப்பார்கள். 'ஏ' பையனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடலாம். 'டி' பையனைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. நம் பழமொழியை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றின மாதிரி இருக்கிறதல்லவா?

ஆனால் இன்னொரு கேம் இருக்கிறது. 'அவுட் ஆப் த பார்க் பேஸ்பால்' என்று பெயர். அதை உருவாக்கியவர் மார்க்குஸ் ஹைன்ஸோன் என்ற ஜெர்மானியர். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பையனின் உண்மையான திறமை உள்ளே ஒளிந்திருக்கும். நம் கண்ணுக்குத் தெரிவது, 'ஸ்கவுட்' என்கிறவர் பார்த்துவிட்டு வந்து சொல்லும் அபிப்பிராயந்தான். ஊர் ஊராகப் போய்ப் பையன்களைத் தரம் பார்ப்பது ஸ்கவுட்டின் வேலை. நிஜ பேஸ்பாலிலும் இவர்கள் உண்டு. 20-லிருந்து 80 வரை மதிப்பெண் போடுவார்கள்; 50 என்றால் நடுத்தரம். கேமில் ஸ்கவுட்டை மாற்றினால் பையனின் மதிப்பெண்ணும் மாறிவிடும்! கல்யாணத் தரகர் வர்ணித்த வரன் நேரில் வந்து நின்றபோது நமக்கு ஏற்பட்ட அனுபவம் நினைவுக்கு வரவில்லையா?

அந்த 'நாளைய' மதிப்பெண்ணும் கல்வெட்டு அல்ல. வருஷம் போகப் போக ஏறும், இறங்கும். நல்ல பயிற்சியாளர், ஆடக் கிடைக்கும் சந்தர்ப்பம், வயது, காயம், பையனின் உழைக்கும் குணம் எல்லாம் சேர்ந்து அதை ஏற்றி இறக்குகின்றன. வெறும் அதிர்ஷ்டத்தால் மாறுவதும் உண்டு. அந்த அதிர்ஷ்டம் எவ்வளவு வேலை செய்யலாம் என்பதை ஆடுகிறவரே கூட்டிக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். நம் வாழ்க்கையில் அந்தத் திருகாணி நம் கையில் இல்லை!

பயிர் என்று ஆரம்பித்தோம் அல்லவா? அமெரிக்காவிலும் இதற்குப் 'பண்ணை' என்றுதான் பெயர். ஆரம்பித்து வைத்தவர் பிராஞ்ச் ரிக்கி. 1920-களில் ஸெயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கிளப்பை அவர் நடத்தி வந்தார். பணக்காரக் கிளப்புகளோடு போட்டி போட்டுத் தயாரான ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்க அவருக்குக் கட்டவில்லை. 'வாங்க முடியாவிட்டால் என்ன, நாமே விளைவித்துக்கொள்வோம்' என்று சின்ன ஊர்க் கிளப்புகளை எடுத்து, இளம் பையன்களை அங்கே விட்டுப் பழக்கினார். 1940-க்குள் அவருடைய கிளப்பின் வசம் 30-க்கு மேற்பட்ட நாற்றங்கால்கள்! இன்றும் அமெரிக்கப் பையன் ஒருவன் ரூக்கி லீக், சிங்கிள் ஏ, ஹை ஏ, டபிள் ஏ, டிரிபிள் ஏ என்று படிப்படியாக ஏறித்தான் பிரதான லீகுக்குப் போக வேண்டும்.

கேமிலும் இதே படிகள்தாம். புதிதாக ஆட வருகிறவர்கள் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். பத்தொன்பது வயது 'ஏ' பையன் கிடைத்தவுடன் அவனை ஒரே தாவலில் மேலே ஏற்றிவிடுவார்கள். அங்கே பெரியவர்கள் எறியும் பந்து அவன் மட்டையில் படாது. வளர வேண்டியவன் வாடிப் போவான். சிலர் பயந்துகொண்டு கீழ்ப் படியிலேயே வைத்திருப்பார்கள். அங்கே எல்லாம் சுலபமாக இருப்பதால் அவன் புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. இன்னும் சிலர் மேலே கொண்டுவந்து, ஆடவிடாமல் பெஞ்சியில் உட்கார வைப்பார்கள். அதுவும் நஷ்டந்தான். அடுப்பைத் தூண்டினால் சோறு அடி பிடிக்கிறது. தணித்தால் அரிசி வேகவில்லை. பக்கத்தில் நின்று பதம் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. இது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதா?

ஜப்பான்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கொனாமி கம்பெனியின் 'பவர்புல் புரோ யாக்யூ' 1994-ல் வந்தது. 1996-ல் அதில் 'ஸக்ஸஸ்' என்று ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். ஒரே ஒரு பையன். அவனை வளர்த்து ஆளாக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் அவன் என்ன செய்வது என்று நாம் சொல்ல வேண்டும். பயிற்சியா, ஓய்வா, சிநேகிதர்களோடு வெளியே போவதா? பயிற்சி, பயிற்சி என்று விரட்டினால் அவன் தெம்பு குறைந்துகொண்டே வரும். தெம்பில்லாத சமயத்தில் இன்னும் விரட்டினால் காயம் பட்டுப் படுத்துவிடுவான். மனசு சோர்ந்திருந்தாலும் ஆட்டம் வராது. ஆகவே, பையனைச் சாம்பியனாக்க வேண்டுமானால் தூங்கவும் விட வேண்டும். சிரிக்கவும் விட வேண்டும்! நடுவில் ஒரு வைத்தியர் வேறு வருவார். டாக்டர் டைஜோபு என்று பெயர். 'ஒன்றும் கவலையில்லை' என்று அர்த்தம். "ஓர் ஆபரேஷன் செய்துகொள், ஒரே நாளில் சூரனாகிவிடலாம்" என்பார். பலித்தால் யோகம். பலிக்காவிட்டால் இருந்ததும் போச்சு! குறுக்கு வழி காட்டும் இப்படிப்பட்ட டாக்டர்கள் ஜப்பானில் மட்டுந்தானா இருக்கிறார்கள்?

சரி, கேம் கிடக்கட்டும். நிஜத்தில் முளையிலே தெரிந்ததா?

அமெரிக்காவில் வருஷந்தோறும் கிளப்புகள் சுற்றுச் சுற்றாக இளைஞர்களைப் பொறுக்கி எடுக்கும். 1988-ல் மைக் பியாஸா என்ற பையன் 62-வது சுற்றில், 1390-வது ஆளாக எடுக்கப்பட்டான். அதுவும் லாஸ் ஏஞ்ஜலீஸ் டாட்ஜர்ஸ் கிளப்பின் மானேஜர் டாமி லஸார்டா குடும்ப சிநேகிதர் என்பதற்காக, ஓர் உபகாரமாக! அந்தப் பியாஸா 1993-ல் சிறந்த புதுமுகமாகத் தேர்ந்தார். மொத்தம் 427 'ஹோம் ரன்' அடித்தார். 2016-ல் ஹால் ஆப் பேம் என்னும் கீர்த்தி மண்டபத்தில் இடம் பெற்றார். 1991-ல் முதல் ஆளாகப் பொறுக்கி எடுக்கப்பட்டவரோ பிரையன் டெய்லர். பந்து எறிவதில் சூரன் என்று நியூயார்க் யாங்கீஸ் கிளப் 15 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. 1993-ல் தோளில் காயம் பட்டது. பிரதான லீகில் ஒரு நாள்கூட அவர் ஆடவில்லை.

விதிவிலக்கை வைத்துக்கொண்டு பேசலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முதல் சுற்றில் வருகிறவர்களே அதிகமாக மேலே போகிறார்கள். ஸ்கவுட்டுகள் குருடர்கள் அல்ல. ஆனால் பியாஸா மேலே போனதற்குக் காரணம், 1390-வது பையனுக்கும் ஆடுவதற்கு ஓர் இடம் இருந்தது என்பதுதான். இப்போது பொறுக்கு முறை 20 சுற்றோடு முடிந்துவிடுகிறது. 62-வது சுற்று என்பதே கிடையாது. கீழ்ப் படிக் கிளப்புகளையும் 2021-ல் 160-லிருந்து 120-ஆகக் குறைத்துவிட்டார்கள். நாற்றங்காலைச் சுருக்கிவிட்டு, 'நல்ல முளை எங்களுக்கே தெரியும்' என்றால் என்ன செய்வது?

கேமில் இல்லாத இன்னொன்றும் உண்டு. அங்கே 'டி' பையனை நீக்க ஒரு பட்டன் போதும். அவன் வீட்டில் அன்று இரவு அடுப்பு எரிந்ததா என்று கம்ப்யூட்டர் சொல்லாது. நிஜப் பையன்கள் வெகு காலம் சொற்பச் சம்பளத்தில் காலம் தள்ளினார்கள். அடிப் படியில் வருஷத்துக்கு 4,800 டாலர்தான். 2022-ல் அவர்கள் ஆட்டக்காரர் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-ல் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் அது 19,800 டாலராயிற்று. பயிருக்குத் தண்ணீர் விட்டால்தானே விளைச்சல்?

பெண்களுக்கு இதில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் ஒரு பெயரைச் சொல்லுங்கள்: ரேச்சல் பால்கொவெக். 2022-ல் யாங்கீஸ் பண்ணையைச் சேர்ந்த டாம்பா டார்பன்ஸ் என்ற சிங்கிள் ஏ கிளப்புக்கு அவர் மானேஜரானார். 2024-ல் மயாமி மார்லின்ஸ் கிளப் தன் இளம் ஆட்டக்காரர்களை வளர்த்து உருவாக்கும் இலாகாவுக்கே அவரை டைரக்டராக நியமித்தது. வளர்ப்பது என்றால் பெண்களிடந்தான் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டது போலும்!

ஆகவே, அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ இந்தக் கேமில் மூழ்கியிருந்தால், உடனே கோபித்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். "உன் ஸ்கவுட் யாரைப் பற்றித் தப்பாகச் சொன்னார்?" "அவசரப்பட்டு மேலே ஏற்றி யாரைக் கெடுத்தாய்?" "யாருக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுத்திருக்கலாம்?" பதிலைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பொறுமையைப் பற்றி நாம் செய்யும் உபதேசத்தை அவர்கள் நமக்கே திருப்பிச் சொல்வார்கள்.

பிறகு பள்ளிக்கூடத்து மார்க்குச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதுவும் ஒரு ஸ்கவுட்டின் அபிப்பிராயந்தான். இந்த வருஷத்து அபிப்பிராயம். முளையிலே கொஞ்சம் தெரியும். மிச்சம் தண்ணீரிலும் வெயிலிலும் பொறுத்திருப்பவர் கையிலும் இருக்கிறது.

ஒன்றே ஒன்று. பெற்றோருக்கு என்ன எழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் குழந்தைகளிடம் கேட்டு வைக்காதீர்கள்!