கழுவக் கழுவக் கெடும் வடிகட்டி

மீன்தொட்டி வடிகட்டியின் தலையாய வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. மீன் வெளிவிடும் நஞ்சை முறிப்பதே அந்த வேலை. வன்னியில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மீன் வளர்க்கும் வீடுகளில் பரவியிருக்கும் நம்பிக்கையோ வேறு. வடிகட்டி வெறும் அழுக்குப் பிடிக்கும் பஞ்சு என்பதே அது. வாரந்தோறும் அதைக் கிணற்றடியில் நிறம் வெளிறும் வரை பிழிந்து, வெயிலில் காயவைத்துத் திரும்பப் பூட்டினால் தொட்டி சுத்தம் என்று பலர் எண்ணுகிறார்கள். நல்ல மனதோடு செய்யப்படும் இந்த வேலை மீன்களைக் கொல்கிறது. கழுவிய சில நாட்களில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு ஒவ்வொன்றாகச் சாகும். வருத்தம் பிடித்த மீனை விற்றுவிட்டார் என்று பழி கடைக்காரர் மேல் விழும்.

மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளிவிடுகிறது. மிஞ்சிய தீனும் கழிவும் அழுகி இன்னும் சேர்க்கின்றன. பஞ்சின் இடுக்குகளில் வழுவழுப்பான படலமாக ஒட்டி வாழும் பற்றீரியாக்கள் இந்த அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது சிறு அளவில் தீங்கற்றது. இந்த மாற்றத்தைச் செய்வது பற்றீரியாக்களே என்பதை ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவிலேயே நிறுவிவிட்டார். பஞ்சில் படியும் கபில நிறத்தை அழுக்கு என்று பிழிந்து ஊற்றுபவர் உண்மையில் பற்றீரியாக்களின் குடியிருப்பையும் சேர்த்தே ஊற்றிவிடுகிறார். அவை மெதுவாகப் பெருகுபவை. புதிய தொட்டி ஒன்றில் போதிய அளவு நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். வாரம் ஒரு தடவை அழிக்கப்படும் தொட்டியில் அவை ஒருபோதும் நிலைகொள்வதில்லை. நீர் பளிங்குபோல் தெரியும், ஆனால் அமோனியாவுக்கு நிறமில்லை.

வன்னியின் நீர் இந்தப் பிழையை இன்னும் கொடியதாக்குகிறது. இங்குள்ள பல கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் நீர் கடினமானது, காரத்தன்மை கொண்டது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவே அதற்குச் சாட்சி. காரத்தன்மை கூடக் கூட அமோனியாவின் நச்சு வடிவமும் கூடும்: 30 பாகை செல்சியஸில், பீ.எச். பெறுமானம் 7 ஆக உள்ள நீரில் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும். பெறுமானம் 8 ஆனால் அது ஏழு பங்கைத் தாண்டும். குளிரான மலைநாட்டின் மென்னீரில் தப்பிப் பிழைக்கக்கூடிய மீன் இங்கே அதே அளவு கழிவில் சாகலாம். வெப்பத்தோடு நீரில் கரையும் ஒட்சிசனும் குறைகிறது: 20 பாகையில் லீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம், 30 பாகையில் 7.5 மில்லிகிராம். மீனுக்கும் பற்றீரியாவுக்கும் அந்த ஒட்சிசனே வேண்டும்.

எந்த நீரில் கழுவுவது என்பதும் முக்கியம். குளோரின் படாத கிணற்று நீர் தன்னளவில் பற்றீரியாவைக் கொல்வதில்லை. கொல்வன முறுக்கிப் பிழிதலும் சவர்க்காரமும் வெயிலும். ஆனால் 2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்ததுபோன்ற வெள்ளத்தின் பின் கிணறுகளை இறைத்துக் குளோரின் இடுவது சுகாதார நடைமுறை. மனிதருக்கு அவசியமான அந்தக் குளோரின், குழாய்நீரில் வரும் குளோரினைப் போலவே, மீனின் செவுளையும் பஞ்சின் உயிரையும் தாக்கும்.

இதற்கு எதிராக ஒரு கேள்வி எழுவதுண்டு: நுளம்புக் குடம்பிகளைத் தின்ன விடப்படும் கப்பி மீன்கள் கிணற்றில் வடிகட்டி இல்லாமல்தானே வாழ்கின்றன? வாழ்கின்றன, ஏனெனில் ஆயிரக்கணக்கான லீற்றர் நீரில் சில மீன்களே இருக்கின்றன, அவற்றுக்கு யாரும் தீன் கொட்டுவதில்லை, பாசி படர்ந்த கிணற்றுச் சுவர் முழுவதும் அதே பற்றீரியாக்கள் வாழ்கின்றன. கிணற்றுக்கும் வடிகட்டி உண்டு, அதை யாரும் தேய்த்துக் கழுவவில்லை. அறுபது லீற்றர் கண்ணாடித் தொட்டிக்கு அந்தச் சுவர் கிடையாது.

விலை கூடிய வடிகட்டியே சிறந்தது என்பதும் இதே அறியாமையின் இன்னொரு முகம். தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய கலன் வடிகட்டிக்கு இடையறாத மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட நாட்டில் அதை நம்ப முடியாது. ஓட்டம் நின்றால் மூடிய கலனுக்குள் ஒட்சிசன் தீர்ந்து பற்றீரியாக்கள் இறக்கும். மின் வந்ததும் அந்தக் கெட்ட நீர் தொட்டிக்குள் பாயும். எயார் பம்பில் இயங்கும் சாதாரண ஸ்பொஞ் பில்டர் வன்னி வீட்டுக்கு இதைவிடப் பொருத்தம். விலை குறைவு; குஞ்சுகளை உறிஞ்சாது; நீரில் ஒட்சிசனும் சேர்க்கும்; மின் நின்றால் பற்றரியில் ஓடும் சிறு பம்பை மாட்டிவிடலாம். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும், இல்லையேல் மின் நின்ற நேரத்தில் நீர் குழாய் வழியே பின்னோக்கி வடிந்து அதைப் பழுதாக்கும்.

பராமரிப்பு எளிது. குமிழ்களின் ஓட்டம் தளரும்போது மட்டும், தொட்டியிலிருந்து வாளியில் எடுத்த நீரிலேயே பஞ்சை இரண்டு மூன்று தடவை மெதுவாக அமுக்கி எடுத்தால் போதும். நிறம் மாற வேண்டியதில்லை. இரண்டு பஞ்சு இருந்தால் ஒன்றைக் கழுவி இரண்டு வாரம் விட்டு மற்றதைக் கழுவுவது பாதுகாப்பு. பஞ்சு கிழிந்து உருக்குலையும் வரை புதியது வேண்டாம். மாற்றும்போதும் பழையதைப் புதியதோடு சில வாரம் சேர்த்து ஓடவிட வேண்டும். நைத்திரேற்றைச் சாதாரண வடிகட்டி அகற்றாது என்பதால் வாரத்துக்குக் காற்பங்கு நீரை மாற்றியே ஆக வேண்டும். குளோரின் கலந்த நீரானால் ஒரு நாள் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்தபின் ஊற்றலாம்.

மீனும் தொட்டியும் விற்பவர்கள் பொருளோடு ஓர் அறிவுரையையும் தருகிறார்கள். அதில் “நன்றாகக் கழுவுங்கள்” என்பதை எடுத்துவிட்டு “தொட்டி நீரிலேயே அமுக்கி எடுங்கள், காயவிடாதீர்கள்” என்று அவர்கள் சொல்ல வேண்டும்.