சாம்பியன் ரீப்ஸில் மார்கழிக் குளிர்

மார்கழி முடிய இன்னும் ஒரு வாரமே இருக்கிறது. போகியும் பொங்கலும் நெருங்கிவிட்டன. பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை பார்க்கும் தங்கவயல் பிள்ளைகள் ஊருக்கு வருவதற்கு விடுமுறை எழுதிக் கொடுக்கும் நேரம் இது. இந்த வேளையில் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் பொழுது விடிவதற்கு முன்பே கேட்கும் சத்தம் இருமல் சத்தம்தான். குளிர்காலம் என்றால் எல்லா ஊரிலும் இருமல் இருக்கும் என்று சிலர் சொல்லக்கூடும். தங்கவயல் இருமலுக்குத் தனி வரலாறு உண்டு. அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலில் குளிரைப் பார்ப்போம். தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் இந்தச் சீதோஷ்ணத்தைப் பார்த்துத்தான் இதைக் "குட்டி இங்கிலாந்து" என்று அழைத்தார்கள். ஜனவரி மாதத்தில் இரவு வெப்பம் சாதாரணமாக 15 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருக்கும். சில நாட்களில் 12, 11 என்று இறங்குவதும் உண்டு. பக்கத்துப் பெங்களூரில் 1884ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி 7.8 டிகிரி வரை இறங்கியது. அந்த நகரின் ஏட்டில் இன்றுவரை அதுவே மிகக் குறைந்த அளவு.

பொங்கலை ஒட்டிய வாரத்தில் குளிர் எப்படி இருக்கும் என்பதை வானத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். வங்கக் கடலிலிருந்து மேகம் வந்து மூடிக்கொண்டால் இரவில் குளிர் கொஞ்சம் குறையும். ஆனால் பகலில் வெயில் ஏறாது, தூறலும் ஊதக்காற்றுமாக நாள் முழுவதும் நடுங்க வைக்கும். வானம் தெளிந்து, காற்றும் நின்று, நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தால் அன்று விடியற்காலை கடுமையாக இருக்கும். பகலில் தரை வாங்கிய சூட்டைப் பிடித்து வைக்க மேகம் இல்லாததால், இரவெல்லாம் அது வானத்துக்குப் போய்விடுகிறது. குளிர் உச்சத்துக்கு வருவது நடு இரவில் அல்ல. சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான். அந்த நேரத்தில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடக்கும். புகையும் தூசியும் மேலே போக வழியில்லாமல் அதற்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

தங்கவயல் மக்களில் பெரும்பகுதி வீட்டை விட்டுக் கிளம்புவது சரியாக அந்த நேரத்தில்தான். சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊருக்குச் சோறு போடுவது பெங்களூர் ரயில். மாரிகுப்பத்தில் கிளம்பி, சாம்பியன், ஊரிகாம், கோரமண்டல் என்று நின்று நின்று பங்காருப்பேட்டை வழியாகப் போகும் வண்டியில் இருட்டோடு ஏறி, இருட்டிய பின் வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். காவல்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள், கடைச் சிப்பந்திகள், தையல் ஆலைப் பெண்கள், அலுவலகக் குமாஸ்தாக்கள் எல்லோரும் இதில் அடக்கம். நூறு கிலோமீட்டர் போய் நூறு கிலோமீட்டர் திரும்ப வேண்டும். வெயிலை அவர்கள் தம் ஊரில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான்.

இந்தக் குளிரை அரசாங்கம் குளிர் என்று ஒப்புக்கொள்வதில்லை. வானிலைத் துறையின் கணக்குப்படி, சமவெளிப் பகுதியில் குறைந்தபட்ச வெப்பம் 10 டிகிரி அல்லது அதற்கும் கீழே இறங்கி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது குறைந்தால்தான் அது "குளிர் அலை". அல்லது 4 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். டெல்லிக்கும் பஞ்சாபுக்கும் இது பொருந்தும். கர்நாடகத்திலும் பீதர், விஜயபுரா பக்கம் சில ஆண்டுகளில் பொருந்துகிறது. தங்கவயலுக்கு அநேகமாகப் பொருந்தாது. இந்தப் பெயர் வந்தால்தான் பேரிடர் நிவாரண நிதியில் கை வைக்க வழி உண்டு. பெயர் வராதபோது, தாசில்தார் அலுவலகத்தில் போர்வைக்கு வழி இல்லை, ஆஸ்பத்திரியில் கூடுதல் ஏற்பாடும் இல்லை.

வானிலைத் துறையின் மீது நாம் குறை சொல்லவில்லை. அளவு என்று ஒன்று வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பன்னிரண்டு டிகிரி குளிர் எல்லா உடம்பிலும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. நல்ல நுரையீரல் உள்ளவருக்கு அது ஒரு கம்பளியோடு போய்விடும். தூசி தின்ற நுரையீரலுக்கு அது மூச்சுத் திணறல்.

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக அது பெயர் பெற்றிருந்தது. அடியில் பாறையின் வெப்பமே 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியது. அந்த உலையில் எட்டு மணி நேரம் நின்று, வியர்வை வழியக் கூண்டில் ஏறி மேலே வந்து, மார்கழி ஊதக்காற்றில் லைனுக்கு நடந்து போனவர்கள் நம் தகப்பன்மாரும் பாட்டன்மாரும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். சூட்டையும் குளிரையும் அவர்கள் தாங்கிவிட்டார்கள். தாங்க முடியாதது தூசி. தங்கம் இருந்தது குவார்ட்ஸ் பாறையில். அதைத் துளைக்கும்போதும் வெடி வைக்கும்போதும் எழுந்த நுண்ணிய தூள் நெஞ்சுக்குள் போய்த் தங்கியது. சிலிகோசிஸ் என்று டாக்டர்கள் சொல்லும் நோய் அதுதான். 1940களில் இங்கே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது தெரிந்தது. 1947இல் வெளியான அந்த ஆய்வை இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

இந்த நோய்க்குக் குணம் கிடையாது. வேலையை விட்ட பிறகும் அது வளரும். காசநோயை எளிதில் கூட்டி வரும். குளிர் காலத்தில் ஒரு சாதாரணச் சளியே அதை முற்றவைத்துவிடும். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி. அன்று நாற்பது வயதில் இருந்த தொழிலாளி இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். அவர் நெஞ்சுக்கு இனி வரும் ஒவ்வொரு மார்கழியும் முந்தியதைவிடக் கடினமாகத்தான் இருக்கும்.

அவரைப் பார்க்க இருந்த டாக்டர்கள் எங்கே? சுரங்க நிறுவனத்தின் பெரிய ஆஸ்பத்திரி நிறுவனத்தோடு சேர்ந்து பூட்டப்பட்டது. சுரங்கத் தொழிலாளர் நலத்துக்கான தேசிய நிறுவனம் தொடங்கப்பட்டதே இந்தத் தங்கவயலில்தான். அதன் தலைமையிடம் நாக்பூருக்குப் போனது. பிறகு 2019இல் அகமதாபாத்தில் உள்ள தொழில்சார் உடல்நல நிறுவனத்தோடு அது இணைக்கப்பட்டுவிட்டது. நோயாளிகள் மட்டும் இடம் மாறவில்லை. அவர்கள் அதே லைன் வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2021இல் கொரோனா இரண்டாம் அலை வந்தபோது, இருபது ஆண்டுகள் பூட்டிக் கிடந்த அதே ஆஸ்பத்திரியைத் தொண்டர்கள் சில வாரங்களில் கூட்டிப் பெருக்கி, சுத்தம் செய்து, படுக்கைகள் போட்டுக் காட்டினார்கள். அவசரம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டபோது பூட்டு திறந்தது. பழைய தொழிலாளியின் மூச்சுத் திணறலும் அவசரம்தான் என்று ஒத்துக்கொண்டால் இப்போதும் திறக்கும்.

நாம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் வாரம் ஒரு நாள் சாம்பியன் ரீப்ஸிலும் மாரிகுப்பத்திலும் நெஞ்சு நோய் முகாம் நடத்தட்டும். எக்ஸ்ரே எடுக்கவும், சளிப் பரிசோதனை செய்யவும், மூச்சின் அளவைப் பார்க்கவும் அங்கேயே வசதி இருக்கட்டும். மூச்சு இழுக்கும் முதியவரை ஆட்டோவில் ஏற்றி ஊர் ஊராக அலைய விடக்கூடாது. சிலிகோசிஸ் இருப்பது தெரிந்தால் அதை எழுதிக் கையில் சான்றிதழ் கொடுக்கட்டும். அது சட்டத்தில் இடம்பெற்ற தொழில்நோய். ராஜஸ்தான் அரசு 2019இல் இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்து, நோய் உறுதியானவருக்கு 3 லட்சம் ரூபாயும், அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் என்று நிர்ணயித்தது. அங்கே கல் குவாரித் தொழிலாளிக்குச் செய்ய முடிந்ததை, நாட்டுக்குத் தங்கம் எடுத்துக் கொடுத்தவருக்குச் செய்ய முடியாதா? கர்நாடக அரசும் மத்திய அரசும் இதற்கு மறுமொழி சொல்ல வேண்டும்.

இன்னொன்று சயனைட் மேடு. நூறாண்டுக்கு மேலாகப் பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு, குன்று குன்றாக ஊரைச் சுற்றி நிற்கிறது. மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்கும் என்பது கணக்கு. காற்று அடிக்கும் நாளில் அந்த வெண்பொடி சோற்றுப் பானை வரை வருகிறது என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும். சுரங்கத்துக்குள் இறங்காத பெண்களும் பிள்ளைகளும் மூச்சு முட்டுகிறது என்று சொல்வது இதனால்தான். 13 மேடுகளை ஏலம் விட்டு, மிச்சத் தங்கத்தை எடுக்க 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை இசைவு கொடுத்தது. வேலை வரும் என்றால் மகிழ்ச்சியே. ஆனால் மேட்டில் மண்வெட்டி விழுவதற்கு முன், தண்ணீர் தெளிப்பதும், லாரிகளை மூடுவதும், காற்றில் தூசியை அளந்து ஊருக்குத் தெரிவிப்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். அடுத்த மார்கழிக்குள் புதிதாக ஒரு தலைமுறைக்குத் தூசியைக் கொடுத்துவிடக் கூடாது.

ரயில்வே அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் ஒரு நாள், கோப்புகளை மூடிவைத்துவிட்டு, விடிவதற்கு முன் சாம்பியன் நிலையத்தில் வந்து நில்லுங்கள். ஊதக்காற்றுக்கு மறைவு இருக்கிறதா, விளக்கு எரிகிறதா, பெண்கள் அச்சமில்லாமல் நிற்க முடிகிறதா என்று நேரில் பாருங்கள். பொங்கலுக்கு முந்தைய நாட்களில் மாலை வண்டியில் நிற்கவும் இடம் இருக்காது. பெட்டிகளைக் கூட்டினால் ஆயிரம் குடும்பங்கள் வாழ்த்தும்.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க முடியாது. நம் கையில் உள்ளவையும் சில உண்டு.

குளிருக்கு அஞ்சிக் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டுக் கரிச்சட்டியில் நெருப்பு மூட்டிக்கொண்டு படுக்கக் கூடாது. மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். பெங்களூரில் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் காவல் கொட்டகைகளிலும் தங்கியிருக்கும் நம் பிள்ளைகள் இதை முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் நெருப்பு ஆகாது என்பது சுரங்கத்துக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் புதிய பாடம் அல்ல. கணப்பு வேண்டுமென்றால் வெளியில் மூட்டுங்கள். படுக்கப் போகும் முன் அணைத்துவிடுங்கள்.

போகி அன்று பழைய பாயும் துடைப்பமும் எரித்தது ஒரு காலம். இப்போது டயரும் பிளாஸ்டிக்கும் எரிகின்றன. விடியற்காலையில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து நிற்பதால் அந்தப் புகை லைனை விட்டு நகராது என்று மேலே சொன்னோம். மூன்றாம் வீட்டில் இருமிக்கொண்டு படுத்திருக்கும் பெரியவர் அதைத்தான் மூச்சாக இழுப்பார். ஒரு கைப்பிடி வைக்கோலைக் கொளுத்திச் சடங்கை முடியுங்கள். பழைய டயரை எடைக்குப் போடுங்கள்.

நெஞ்சு நோய் உள்ள முதியவர்கள் வெயில் ஏறிய பிறகு வெளியே வந்தால் போதும். வாயையும் மூக்கையும் மப்ளரால் மூடிக்கொள்ளட்டும். குளிர்ந்த நீரில் விடிகாலைக் குளியல் வேண்டாம். சூடான ராகிக் கூழும் மிளகு ரசமும் சுக்குக் காப்பியும் நல்லவைதான், ஆனால் அவை மருந்துக்கு ஈடாகா. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், சளியில் இரத்தம் தெரிந்தால், இரவில் காய்ச்சல் வந்தால், கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காசநோய் மருந்து அங்கே இலவசம். இழுப்பு மருந்து எடுப்பவர்கள் பண்டிகைச் செலவில் அதை வாங்க மறந்துவிடக் கூடாது.

பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு வரும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. புதுத் துணியோடு அப்பாவுக்கு ஒரு கம்பளியும் வாங்கி வாருங்கள். விடுமுறையில் ஒரு நாளை அவருக்கென்று ஒதுக்கி, அவருடைய பழைய வேலைச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே படங்கள் எல்லாவற்றையும் ஓர் உறையில் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நாளை நிவாரணம் என்று ஏதாவது வந்தால் அதிகாரி முதலில் கேட்பது காகிதத்தைத்தான். காகிதம் இல்லாததால் உரிமை இழந்த குடும்பங்கள் இந்த ஊரில் போதுமான அளவு உண்டு.

தை பிறந்தபின் குளிர் மெல்லக் குறையும். குளிரோடு சேர்ந்து இந்தப் பேச்சும் குறைந்துவிடக் கூடாது. இந்தக் குளிர் போவதற்குள் முதல் நெஞ்சு நோய் முகாம் சாம்பியன் ரீப்ஸில் நடந்தாக வேண்டும். கோலார் மாவட்ட நிர்வாகம் தேதியை அறிவிக்கும் என்று எதிர்பார்க்கிறோம்.