துபாஷியின் வாக்குமூலம்

துபாஷி வேலை பார்த்தவன் நான். பத்து நாள். கூலி கிடையாது, ஒரு டீசர்ட்டும் மதியச் சாப்பாடும் கிடைத்தது. 2009 டிசம்பரில் எங்கள் சேரிக்கு (காலனி என்று எழுதச் சொல்வார்கள், நான் சேரி என்றே எழுதுகிறேன்) பிரிட்டனிலிருந்து 11 பேர் ஊழியம் செய்ய வந்தார்கள். செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊர். பி.ஏ. இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருத்தன்தான் சிக்கினேன்.

என்ன ஊழியம் செய்தார்கள்? ஜெபவீட்டு மதிலுக்கு வர்ணம் அடித்தார்கள். எங்கள் தெருவிலேயே பெயிண்டர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். மறைமலைநகர் வரை சைக்கிளில் போய் வேலை செய்கிறவர்கள். அந்த வாரம் வேலையில்லாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். "பட்டி பாக்காம அடிக்கிறானுவ, ஒரு மழைக்குத் தாங்காது" என்று அண்ணன் ஒருத்தர் சொன்னார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. சாயங்காலத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டு, மிட்டாய், போட்டோ. மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்குத்தான் போட்டோவில் முதல் இடம். குளித்துப் பவுடர் போட்டு வந்த பிள்ளையை யாரும் தூக்கவில்லை.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு பெண்பிள்ளை மட்டும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். "இந்தப் பையனை எல்லோரும் யோவான் என்று கூப்பிடுகிறீர்கள், பள்ளிக்கூட நோட்டில் வேறு பெயர் இருக்கிறதே?" என்றாள். நல்ல கேள்வி. பதில் 1950ல் இருக்கிறது. குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்துவாக இல்லாதவன் பட்டியல் சாதி இல்லை என்றது. 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தார்கள். கிறிஸ்தவனாகவும் முஸ்லிமாகவும் ஆன தலித்துக்குத் திறக்கவில்லை. 2022ல் இதை ஆராய கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் போட்டார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெயர், சர்டிபிகேட்டுக்கு ஒரு பெயர். இதைச் சொல்லாமல் "செல்லப்பெயர்" என்று சொல்லிச் சமாளித்தேன். முதல் பொய்.

ஆறாம் நாள் மதியச் சாப்பாடு ஒரு பண்ணைவீட்டில். ஜெபவீட்டு மதிலுக்கு 20 மூட்டை சிமெண்டு கொடுத்த பெரிய மனுஷன் வீடு. கம்பிவேலி, கேட்டு, மாந்தோப்பு. பிறந்து வளர்ந்து இருபத்தாறு வருஷத்தில் அந்த வேலிக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். அதுவும் துபாஷி என்பதால். வெள்ளைக்காரர்களோடு சேர்த்து எனக்கும் இலை போட்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி ஜெபக்கூட்டத்தில் எங்கள் தெரு ஆயா ஒன்று எழுந்து முன்னால் வந்தது. எண்பது வயசுக்கு மேல் இருக்கும். அந்தப் பெண்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னது: "டேய், சொல்லுடா இவங்ககிட்ட. மத்தியானம் துன்னாங்களே, அந்தத் தோப்பு எங்க மாமனாரோட அப்பனுக்கு வெள்ளக்கார அய்யரு சர்க்காருக்கு எழுதிப்போட்டு வாங்கிக் குடுத்த நெலம். பட்டாவ ஊர்க்காரன் அடமானம்னு வாங்கிக்கினு போனான், திரும்பி வர்ல. அய்யரு எழுதுன காயிதம் இவங்க ஊர்ல இருக்கும். தேடிப் பாக்கச் சொல்லு."

எங்கள் பக்கம் போதகரை அய்யர் என்றுதான் கூப்பிடுவோம். அந்தச் சொல் எப்படி எங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டது என்பது தனிக்கதை. இப்போதைய அய்யர் என் காதோரம் குனிந்தார். "தம்பி, அதெல்லாம் வேணாம். ஜெபம் பண்ணச் சொல்றாங்கன்னு சொல்லிடு." அவரும் நம்ம ஆள்தான். சிமெண்டு வாங்கியவர் அவர். நான் அப்படியே சொன்னேன். பதினோரு பேரும் ஆயாவின் தலையில் கை வைத்துக் கண்ணீரோடு ஜெபித்தார்கள். முடிந்ததும் ஆயா கேட்டது, "இன்னாடா சொன்னாங்க, தேடறாங்களாமா?" "தேடறாங்களாம் ஆயா" என்றேன்.

படிக்காத அந்த ஆயா சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ இருந்தார். திருவள்ளூர் பக்கம் ஈக்காட்டில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி இருந்தார். பறையன் தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் மிராசுதாரன் முன்னுரிமை கேட்டுத் தட்டிப் பறிக்கிறான், குடிசை போட்ட மண்கூட அவன் கையில் இருக்கிறது என்று இவர்கள் சர்க்காருக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1891ல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892ல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதற்கு அதுதான் வேர். இயக்கங்கள் சொல்லும் கணக்கு 12 லட்சம் ஏக்கர். தலித் அல்லாதவனுக்கு விற்றால் செல்லாது என்று நிபந்தனை. அத்தனை நிபந்தனைக்கும் மேலே வேலி போட்டிருக்கிறான். அதைக் கேட்டுப் போராடியதற்காகத்தான் 1994 அக்டோபர் 10ந் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். காரணை நிலம். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்.

ஆண்ட்ரூவையும் கௌடியையும் நான் புனிதர் ஆக்கவில்லை. ஆத்துமாக் கணக்கு அவர்களுக்கும் இருந்தது. 1606ல் மதுரைக்கு வந்த நொபிலியோ பார்ப்பனச் சன்னியாசியாகவே வாழ்ந்தார். அவர் வழி வந்த மிஷன் தாழ்த்தப்பட்டவனுக்கென்று பண்டாரசாமிகளைத் தனியாக வைத்தது. மிஷன் சரித்திரத்தில் நமக்குத் துரோகம் நிறைய உண்டு. ஆனால் ஈக்காட்டுக்காரரும் செங்கல்பட்டுக்காரரும் மிராசுதாரன் இலையில் சாப்பிட்டுவிட்டுச் சேரியில் ஜெபிக்கவில்லை. மிராசுதாரனோடு சண்டைக்குப் போனார்கள். வருஷக்கணக்கில் இருந்து, பாஷை கற்று, ஆயாவின் முன்னோர் சொன்னதைத் தாங்களே காதால் கேட்டார்கள். பத்து நாள் ஊழியத்துக்கு என் மாதிரி ஒரு துபாஷி தேவைப்படுகிறான். அவன் வாயில் சிமெண்டு அடைத்திருக்கிறது.

வருகிறவர்களைக் கேட்கிறேன். நீங்கள் வறுமையைப் பார்க்க வருகிறீர்கள். வறுமைக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கலாம், செருப்பு கொடுக்கலாம், மதிலுக்கு நீல வர்ணம் அடிக்கலாம். சாதிக்கு என்ன கொடுப்பீர்கள்? யார் நிலத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்று பதினோரு பேரில் ஒருத்தர் கேட்டிருந்தால்கூட நான் மாட்டிக்கொண்டிருப்பேன்.

இதைப் படித்துவிட்டு, "பார், நாங்கள் சொன்னோமே, மிஷனரிகள் மோசம்" என்று காவிக்காரன் யாரும் கட்டுரையை வெட்டி ஒட்ட வேண்டாம். 2002ல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது குதித்தவர்கள் யாரும் அந்த வேலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. 2004ல் அந்தச் சட்டம் போனது. வேலி போகவில்லை.

லண்டனில் ஸோவாஸ் பல்கலைக்கழக நூலகத்தில் மெதடிஸ்ட் மிஷன் தாள்கள் இருக்கின்றன. எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் ஸ்காட்டிஷ் மிஷன் கடிதங்கள் இருக்கின்றன. மெட்ராஸ் ராஜதானியின் பறையர் பிரச்சினை பற்றி ரூபா விஸ்வநாத் 2014ல் இங்கிலீஷில் வெளியிட்ட ஆய்வு நூலைப் படித்தபோதுதான் எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. காயிதம் அவர்கள் ஊரில்தான் இருக்கிறது. வந்த பதினோரு பேரில் இரண்டு பேர் எடின்பரோக்காரர்கள். எங்கள் ஊர் பேர் அதில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் போதுமோ, ஒரு மாசம் ஆகுமோ. மதிலுக்கு அவர்கள் பத்து நாள் செலவழித்தார்கள்.

ஆயா 2013ல் செத்துப்போனது. சாகிற வரைக்கும் என்னைப் பார்க்கிறபோதெல்லாம் "காயிதம் வந்துதாடா?" என்று கேட்கும். நான் வேறு தெரு வழியாகப் போகப் பழகிக்கொண்டேன். மதில் வர்ணம் அடுத்த மழையிலேயே உரிந்தது, அண்ணன் சொன்ன மாதிரியே.

வருகிற டிசம்பருக்கு இன்னொரு குழு வருகிறதாம். துபாஷிக்கு என்னையே கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார் புது அய்யர். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தாலுகா ஆபீசில் அ-பதிவேட்டு நகலுக்கு மனுப் போட்டிருக்கிறேன். சர்வே எண்ணை இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறேன்.