சிற்பிக்கு ஏற்ற கிடங்கு எது?

கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்தாலான தெய்வச் சிலைகளுக்கு 2018-லிருந்தே சரக்கு-சேவை வரி (ஜிஎஸ்டி) இல்லை. அலங்காரச் சிற்பங்கள் உள்ளிட்ட கைவினைப் பொருட்கள் பலவற்றின் மீதான வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. நாடெங்கும் உள்ள வாடிக்கையாளர்களைச் சென்றடைய மின்வணிகத் தளங்களும் இருக்கின்றன. ஆயினும், கள்ளக்குறிச்சியிலோ சின்னசேலத்திலோ உளி பிடிக்கும் ஒருவர் இணைய விற்பனையில் நிலைத்து நிற்பாரா என்பது இவற்றால் மட்டும் முடிவாவதில்லை. விற்கும்வரை அந்தச் சிற்பம் எங்கே, யார் பொறுப்பில், யார் செலவில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது அது.

இணையத்தில் விற்பவர்களில் பலர் இன்று சரக்கைத் தம் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. மொத்தமாகக் கிடங்கு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆர்டர் வந்ததும் எடுப்பது, பொதிவது, கூரியரில் சேர்ப்பது, திரும்பி வருவதைப் பெறுவது ஆகிய அனைத்தையும் அந்நிறுவனமே செய்கிறது. அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்கள் தாமே இச்சேவையை அளிக்கின்றன. தளம் சாராத தனி நிறுவனங்களும் உண்டு. கைப்பேசி உறை, சார்ஜர், சட்டை போன்றவற்றை விற்பவருக்கு இது பெரும் வசதி. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் இந்த வசதியை அப்படியே கொண்டுவந்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. கிடங்கு வேண்டும், ஆனால், வேகமாக விற்கும் பொருளுக்காக வகுக்கப்பட்ட கிடங்கு முறை, மெதுவாக விற்கும் கைவினைப் பொருளின் லாபத்தை விழுங்கிவிடும்.

எடை அல்ல, இடமே விலை

கிடங்குக் கட்டணத்தின் அடிப்படை, பொருள் அடைத்துக்கொள்ளும் இடமும் அது அங்கே தங்கும் காலமும். ஒரு கணக்கைப் பார்ப்போம். 9 கிலோ எடையுள்ள மரச்சிற்பம் ஒன்றை, உடையாதபடி சுற்றிலும் பஞ்சணை வைத்து, 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் கொண்ட பெட்டியில் அடைக்கிறோம். கூரியர் நிறுவனங்கள் பல இம்மூன்று அளவுகளையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்துக் ‘கொள்ளளவு எடை’ காண்கின்றன. உண்மை எடை, கொள்ளளவு எடை ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம். நம் பெட்டியின் கொள்ளளவு எடை 21.6 கிலோ. அதாவது, 9 கிலோ சிற்பத்துக்கு ஏறத்தாழ 22 கிலோவுக்கான கட்டணம்.

அதே பெட்டி கிடங்கில் 3.8 கன அடி இடத்தை அடைக்கும். கன அடிக்கு மாத வாடகை 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் சுமார் 152 ரூபாய். ஒரே வாரத்தில் விற்றுவிடும் பொருளுக்கு இது பொருட்டல்ல. சிற்பம் அப்படி விற்பதில்லை. ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையது; அதற்கென ஒருவர் தேடி வர வேண்டும். எட்டு மாதம் காத்திருந்தால் வாடகை 1,220 ரூபாய். கிடங்குச் சேவைக்கான 18 விழுக்காடு ஜிஎஸ்டியையும் சேர்த்தால் 1,440 ரூபாய். விற்காமல் திரும்பப் பெறுவதென்றால் அதற்கும் கட்டணம் உண்டு.

வரிவிலக்கே இங்கு வேறொரு சுமையாகிறது. வரி செலுத்தி விற்கும் வணிகர், கிடங்குக்கும் தளத்துக்கும் தாம் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்வார். வரிவிலக்கு பெற்ற தெய்வச் சிலையை விற்பவருக்கு அந்த வரவு கிடைக்காது. சிலைக்கு வரி இல்லை என்று மகிழும் சிற்பி, சிலையை வைத்திருக்கும் இடத்துக்கு வரி கட்டுகிறார். அது முழுவதும் அவருடைய செலவாகவே முடிகிறது.

எல்லை தாண்டினால் என்ன ஆகும்?

விரைவாகக் கொண்டுசேர்க்க வேண்டுமெனில் சரக்கைப் பெங்களூரு, மும்பை, டெல்லி எனப் பல ஊர்களில் பிரித்து வைக்குமாறு தளங்கள் விற்பனையாளர்களை ஊக்குவிக்கின்றன. வரிக்குட்பட்ட பொருளை வேறொரு மாநிலக் கிடங்கில் இருப்பு வைத்து விற்பவர் அம்மாநிலத்திலும் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டும். அங்கும் தவறாமல் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். கணக்காளர் ஒருவரை அமர்த்திக்கொள்ள இயலாத குடும்பத் தொழிலுக்கு இது தாங்கக்கூடியதல்ல. சிறு விற்பனையாளர்கள் பதிவு இல்லாமலேயே தளங்கள் வழியாக விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி செய்யப்பட்டிருக்கிறது. ஆனால், தம் மாநிலத்துக்குள் மட்டுமே விற்கலாம் என்பது அதற்கான நிபந்தனை. ஆகவே, கிடங்கு எந்த ஊரில் இருக்கிறது என்பது வசதி சார்ந்த முடிவு மட்டுமல்ல; சட்டப்படியான கடமைகளையும் அதுவே தீர்மானிக்கிறது.

இதைவிடக் கவலைக்குரியது, கிடங்கும் சந்தையும் ஒரே கையில் இருப்பது. தளத்தின் கிடங்கில் சரக்கு வைத்தவருக்குத் தேடல் பட்டியலில் முன்னிடமும் விரைவு விநியோக முத்திரையும் கிடைக்குமானால், கிடங்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெயரளவில்தான் மிஞ்சும். இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் 2021 டிசம்பரில் அமேசானுக்கு 113 கோடி யூரோ அளவில் அபராதம் விதித்ததற்கு இத்தகைய பிணைப்பே காரணம். அந்நிறுவனத்தின் கிடங்குச் சேவையைப் பயன்படுத்துவோருக்கு மட்டும் விற்பனையைப் பெருக்கும் சலுகைகள் கிடைத்தன என்பது ஆணையத்தின் முடிவு.

இந்தியாவிலும் இதற்கு விதி இல்லாமல் இல்லை. கிடங்கு, விநியோகம், விளம்பரம் போன்ற சேவைகளை விற்பனையாளர்களுக்குப் பாரபட்சமின்றி அளிக்க வேண்டும் என்று, அந்நிய முதலீடு பெற்ற தளங்களுக்கு மத்திய அரசு 2018 டிசம்பரில் நிபந்தனை விதித்தது. அது 2019 பிப்ரவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட சில விற்பனையாளர்களுக்கு முன்னுரிமை தரப்படுகிறது என்ற புகாரின் பேரில், இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் இரு பெரும் தளங்கள் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. கைவினைஞர்களுக்கெனத் தளங்கள் தனித் திட்டங்களை நடத்துவதும் உண்மை. 2019-இல் தொடங்கிய ஃபிளிப்கார்ட் சமர்த் அவற்றில் ஒன்று. அவற்றால் பயனடைந்தோரும் இருப்பார்கள். ஆனால், நிறுவனம் விரும்பும்வரை நீடிக்கும் சலுகையை நம்பி ஒரு மாவட்டத்தின் தொழிலைக் கட்டமைக்க முடியாது.

மலையில் விளைவது

2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்குச் சிற்பம் ஒரு முகம் என்றால், கல்வராயன்மலை இன்னொரு முகம். தேன், கடுக்காய், புளி, சாமை, தினை என மலையாளிப் பழங்குடியினர் சேகரிப்பதும் விளைவிப்பதும் பெரும்பாலும் வியாபாரி சொல்லும் விலைக்கே கீழிறங்குகின்றன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, கல்வராயன்மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றோடு நேர்மையான வருவாய்க்கான வழியும் அம்மக்களுக்கு வேண்டும். இணைய விற்பனை அவற்றில் ஒன்றாக இருக்க முடியும்.

ஆனால், உணவுப் பொருளுக்குச் சிக்கல்கள் வேறு. சேமிக்கும் இடத்துக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமம் தேவை. காலாவதித் தேதி நெருங்கிய பொருளைத் தளம் விற்பனையிலிருந்து எடுத்துவிடும். தேன் புட்டி உடைந்தால் பக்கத்துப் பெட்டிகளும் வீணாகும். தொலைதூரக் கிடங்கில் நடப்பதை வெள்ளிமலையில் இருக்கும் மகளிர் குழுவால் எப்படிக் கண்காணிக்க முடியும்? பிறர் பொருளைத் தம் வசம் வைத்திருப்பவர், தம் சொந்தப் பொருளை ஒரு விவேகமுள்ள மனிதர் எப்படிக் காப்பாரோ அந்த அளவு கவனத்துடன் காக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. இழப்பீட்டு வரம்பும் புகாருக்கான காலக்கெடுவும் ஒப்பந்தத்தின் நீண்ட பக்கங்களில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும்போது, அந்தச் சட்டப் பாதுகாப்பைச் சிறு விற்பனையாளர் கேட்டுப் பெறுவது எளிதன்று.

மாவட்டத்துக்குள் ஒரு பொதுக் கிடங்கு

மாவட்டத்துக்குள்ளேயே ஒரு பொதுக் கிடங்கு அமைப்பதுதான் இதற்குத் தீர்வு என்று கருதுகிறேன். உளுந்தூர்பேட்டை - சேலம் தேசிய நெடுஞ்சாலை மாவட்டத்தின் நடுவே செல்கிறது; சின்னசேலத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. 1958 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனத்துக்குக் கிடங்கு நடத்திய அனுபவம் உண்டு. 1973-இல் தொடங்கப்பட்ட பூம்புகார் நிறுவனத்துக்குக் கைவினைப் பொருட்களை விற்ற அனுபவம் உண்டு. இரண்டும் இணைந்து, சிற்பிகளின் சங்கங்களையும் மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கங்களையும் பங்குதாரர்களாகச் சேர்த்துக்கொண்டால் போதும். பொதிவதும் படமெடுத்துத் தளத்தில் ஏற்றுவதும் கூரியரிடம் மொத்தப் பேரத்தில் விலை குறைப்பதும் ஓரிடத்தில் நடக்கும். சிற்பம் உண்மையாகவே உளியால் செதுக்கப்பட்டதா, இயந்திரம் குடைந்ததா என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சான்று ஒட்டவும் முடியும். தொலைதூரக் கிடங்கு ஊழியரால் இது இயலாது. புவிசார் குறியீட்டுக்குப் பொருள் இருக்க வேண்டுமென்றால் இப்படி ஒரு சரிபார்ப்பு அவசியம்.

அரசு சார்ந்த அமைப்புகள் மெத்தனமாக இயங்கும், பொருள் தாமதமாகப் போய்ச் சேரும் என்று சிலர் கூறலாம். முதல் அச்சத்தில் நியாயம் உண்டு. அன்றாட நிர்வாகத்தைத் தகுதியுள்ள தனியார் கிடங்கு நிறுவனம் ஒன்றிடமே ஒப்படைக்கலாம். கட்டணத்தையும் இழப்பீட்டையும் தமிழில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் வரையறுக்க வேண்டும் என்பதே முக்கியம். இரண்டாவது அச்சம் தேவையற்றது. தலைமுறைகளுக்கு வீட்டில் நிற்கப்போகும் சிற்பத்தை வாங்குபவர் அது நாளைக் காலையே வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. உடையாமல் வர வேண்டும் என்றே எதிர்பார்க்கிறார். வேகமாக நகரும் சிறு பிள்ளையார், பேனாத் தாங்கி போன்றவற்றை வேண்டுமானால் தளங்களின் கிடங்கில் அளவாக வைக்கலாம். பெரிய சிற்பங்களும் மலைத்தேனும் உள்ளூரிலிருந்தே கிளம்பட்டும்.

திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் 184 ஏக்கரில் சரக்குப் பூங்கா ஒன்றைத் திட்டமிட முடிந்த நமக்கு, சின்னசேலத்தில் சில ஆயிரம் சதுர அடியில் ஒரு கிடங்கு அமைப்பது பெரிய காரியமல்ல. இடத்தைத் தேர்வு செய்து, முதல் இரண்டு ஆண்டுகளுக்கான வாடகையை அரசு ஏற்றுக்கொண்டால், அதன்பிறகு கிடங்கு தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்கிறதா என்று கணக்குப் பார்த்துவிடலாம். மாவட்ட நிர்வாகம் அந்தக் கணக்கைத் தொடங்கிவைக்க வேண்டும்.