பத்து மீற்றரில் முடிகிற நடையா?

பாரிசவாதம் வந்தவரின் நடையை அளக்க வைத்தியசாலை விறாந்தையில் பத்து மீற்றரும் ஒரு நிறுத்தற் கடிகாரமும் போதும், காலில் கட்டும் சென்சர் திருகோணமலை போன்ற ஏழை மாவட்டத்துக்கு ஆடம்பரம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் கோபம்தான் வந்தது. ஏழை என்பதற்காக அரைகுறை அளவோடு அடங்கிக் கிட என்பதுதான் அந்த வாதத்தின் சாரம்.

பத்து மீற்றர் நடைச் சோதனை பயனற்றதல்ல. 1995இல் ஜாக்குலின் பெரி குழுவினர் காட்டிய எல்லைகள் இன்றும் பயன்படுகின்றன: செக்கனுக்கு 0.4 மீற்றருக்குக் கீழே நடப்பவரின் நடமாட்டம் வீட்டோடு நின்றுவிடும், 0.8ஐத் தாண்டியவர் ஊருக்குள் போய்வருவார். ஆனால் அந்த வேகம் எங்கே எடுக்கப்படுகிறது? மட்டமான சீமெந்துத் தரையில், வைத்தியர் பார்த்துக்கொண்டிருக்க, நோயாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கும் சில செக்கன்களில். அதே மனிதர் வெருகல் பக்கத்து இலங்கைத்துறையில் படலையைத் திறந்து மணலில் கால் வைக்கட்டும். முன்பாதம் எழும்பாது, பெருவிரல் மணலைக் கீறிக்கொண்டு போகும், செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். குனிந்து எடுக்கப் பயந்து திண்ணைக்கே திரும்புவார். மறுநாள் படலைப் பக்கமே போகமாட்டார். இது எந்தக் கடிகாரத்தில் பதிவாகும்?

அனுபவப்பட்ட கண்ணுக்கு எல்லாம் தெரியும் என்கிறார். தெரியாது. வேகம் கூடியவர் உண்மையில் தேறினாரா, அல்லது இடுப்பைத் தூக்கி, நல்ல காலை அவசரமாக ஊன்றிச் சமாளிக்கிறாரா? இரண்டு கணுக்கால்களிலும் கட்டிய சென்சர், பலவீனமான கால் தரையில் நின்ற நேரத்தையும் காற்றில் இருந்த நேரத்தையும் அடிக்கு அடி தனித்தனியே பதியும். மணிக்கட்டில் கட்டுகிறவை மெல்ல இழுத்து நடப்பவரின் அடிகளைத் தவறவிடும் என்று அவர் சொல்வது சரி. கணுக்காலில் கட்டச் சொல்வதே அதனால்தான்.

அவருடைய பெரிய ஆயுதம், 2015இல் புரூஸ் டொப்கின் குழு வெளியிட்ட ஆய்வு. 11 நாடுகள், 16 நிலையங்கள். சென்சர் பதிந்த விவரங்கள் கூடுதலாகச் சொல்லப்பட்ட நோயாளிகள் மற்றவர்களைவிட வேகமாக நடந்துவிடவில்லை. உண்மை. ஆனால் அங்கே சோதித்தது, விவரம் சொன்னால் நடை தேறுமா என்பதை. நடையை அளக்க முடியுமா என்பதை அல்ல. காய்ச்சலைத் தணிக்கவில்லை என்று வெப்பமானியை யாராவது எறிவார்களா? சிகிச்சைக்கென்றே தங்கியிருந்தவர்கள்கூட நாளொன்றுக்குச் சராசரியாகக் கால் மணி நேரமளவே நடந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுத்தது கணுக்கால் சென்சர்தான். அந்த வரியை மட்டும் அவர் விட்டுவிட்டது நேர்மையல்ல.

கடைசியில் விலையைச் சொல்கிறார். அசைவை உணரும் அந்தச் சில்லு இன்று நம் கைத்தொலைபேசிக்குள்ளேயே இருக்கிறது. வெருகல் பக்கமிருந்து மூதூரும் கிண்ணியாவும் கடந்து திருகோணமலைக் கிளினிக்குக்கு வந்துபோகும் வாகனக் கூலியையும், கூட வரும் மகன் இழக்கும் ஒரு நாள் தொழிலையும் அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவ்வளவு செலவழித்து வந்தவரின் கொப்பியில் 'நடக்கிறார்' என்று ஒரே சொல்லை எழுதி அனுப்புவதை ஏழைக்கேற்ற வைத்தியம் என்று சொல்ல அவருக்கு யார் உரிமை கொடுத்தது?