அம்புக்குறியும் அருந்தமிழும்

திருப்பெரும்புதூர்–ஒரகடம் நெடுகிலும் இன்று வரிசையிட்டு நிற்கும் ஆலைகள் பல நாட்டார்க்கு உரியன. இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு உண்டாய் ஆலை 1998-இல் மகிழுந்து ஆக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் இரெனோ–நிசான் ஆலையும், 2012-இல் செருமானியத் தைம்லர் சரக்குந்து ஆலையும் திறக்கப்பெற்றன. இவற்றைச் சூழ்ந்து உறுப்புகள் செய்து தரும் பட்டறைகளோ எண்ணில. மண் நம்முடையது, உழைக்கும் கைகளுட் பல நம்முடையவை, அக் கைகளுக்கு ஆணையிடும் தாள் மட்டும் நம்மோடு பேசுவதில்லை!

எம்மிடம் பயின்ற இளைஞன் ஒருவன் அப் பகுதிப் பட்டறையொன்றில் பற்றவைப்புத் தொழில் செய்கிறான். அண்மையில் ஒருநாள், “ஐயா, படத்தில் ஐந்து என்றிருந்தது, ஐந்தே வைத்தேன். அத்தனையும் கழிவென்று தள்ளி, என் கூலியிற் பிடித்துக்கொண்டார்கள்” என்று வந்து நின்றான். அவன் செய்த பிழை யாது?

பற்றவைப்புக் குறியீடு மறைபொருளன்று. இணைப்பிடத்தை நோக்கி ஓர் அம்பு. அதனைத் தொடர்ந்து கிடையாக ஒரு சுட்டுக்கோடு. வேண்டுமிடத்து அதன் கடையில் ஒரு வால். கோட்டில் அமரும் முக்கோணம் மூலைப்பற்றைக் குறிக்கும். முக்கோணத்தின் இடப்புற எண் பற்றின் பருமன். வலப்புற எண் நீளம். அம்பும் கோடும் கூடுமிடத்தில் சிறு வட்டமிருப்பின் சுற்றுமுழுதும் பற்றவைக்க வேண்டும். கொடியிருப்பின் பட்டறையிலன்றி, நிறுவும் களத்திலேயே பற்றவைக்க வேண்டும். இவ்வளவும் ஒரு மாலைப்பொழுதில் தமிழிற் கற்பிக்கத் தக்கனவே.

சிக்கல் நாட்டுக்கு நாடு முறை வேறுபடுவதில் உள்ளது. அமெரிக்க முறையில் கோட்டின் கீழுள்ள குறி அம்பு தொடும் பக்கத்தையும், மேலுள்ள குறி மறுபக்கத்தையும் சுட்டும். ஐரோப்பிய முறையிலோ முழுக்கோடு ஒன்றும் முறிகோடு ஒன்றும் இணையாக ஓடும். முழுக்கோட்டிலுள்ள குறி அம்புப் பக்கத்துக்கு, முறிகோட்டிலுள்ளது மறுபக்கத்துக்கு. ஐ.எசு.ஓ. 2553 என்னும் பன்னாட்டுத் தரப்பாட்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு இவ் விரு முறைகளுக்கும் இடந்தந்தது. ஆகவே பல நாட்டு ஆலைகளுக்கு உறுப்பு செய்யும் பட்டறையில், காலையில் ஒரு முறைப் படமும் மாலையில் மறுமுறைப் படமும் ஒரே தொழிலாளியின் கைக்கு வரக்கூடும்.

பருமனும் அவ்வாறே. அமெரிக்க முறையில் மூலைப்பற்றின் எண் கால்நீளத்தைச் சொல்லும். ஐரோப்பிய முறையில் எண்ணுக்கு முன் ‘இசட்’ இருப்பின் கால்நீளம். ‘ஏ’ இருப்பின் கழுத்துத் தடிப்பு. ஒத்த கால்களையுடைய பற்றில் கழுத்து, காலிற் பத்தில் ஏழு பங்கே. எனவே ‘ஏ5’ என்னுமிடத்துக் கால் ஏறத்தாழ 7 மி.மீ. வேண்டும். காலையே 5 மி.மீ. வைத்தால் கழுத்து மூன்றரையாகும். வலிமை பத்தில் மூன்று பங்கு குறையும். சுமை தாங்கும் சட்டத்தில் அத்தகைய இணைப்பு பிளந்தால் உயிருக்கே கேடு.

எம் மாணவன் கை பிழைக்கவில்லை. அந்த ஓர் எழுத்தின் பொருளை எவரும் அவன் மொழியிற் சொல்லவில்லை. பயிற்சி ஆங்கிலத்தில் நடந்தது. ஐயத்திற்கு விடை அரைகுறை இந்தியில் வந்தது. கூலி பிடித்த செய்தி மட்டும் தெளிந்த தமிழில் வந்தது! வயிற்றுப்பாட்டுக்காக வடபுலத்திலிருந்து வந்துழைக்கும் ஏழையின்மேல் நமக்குச் சினமில்லை. அவனும் இவ் விருளிலேயே நிற்கிறான். இந் நிலத்தில் தொழில் நடத்தி, இந் நிலத்து மொழியிற் கற்பிக்க மறுப்போர்மேல்தான் நம் சினம்.

தமிழில் இதற்குச் சொல்லில்லை என்பாருமுளர். உலோகத் துண்டுகளை இணைக்கக் கொல்லர் இடும் ‘பற்றாசு’ நம் பழஞ்சொல். குறளின் இறுதியையும் தனிச்சொல்லையும் இணைக்க இடையிற் கூட்டும் அசையை ‘ஆசு’ என்றும், அவ் வெண்பாவை ‘ஆசிடை நேரிசை வெண்பா’ என்றும் யாப்பு நூலார் வழங்கினர். பாட்டின் இணைப்பையே பட்டறையின் இணைப்பால் விளக்கிய மொழிக்கா சொற்பஞ்சம்? அண்ணா பல்கலைக்கழகம் 2010-இலேயே கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழிப் பட்டப்படிப்பாகத் தொடங்கிவிட்டது. பட்டத்திற்கு ஏற்ற மொழி பட்டறைக்கு ஏலாதோ?

நாம் வேண்டுவன மூன்று. சிப்காட் வழியே நிலம் வழங்கும் தமிழக அரசு, தொழிற்பயிற்சியும் காப்பு விளக்கமும் தமிழிலும் நடத்தப்பெறல் வேண்டுமென்று அந் நிலத்தோடு கட்டளையிடுக. தொழிற்பயிற்சி நிலையங்கள் இரு முறைகளையும் ஒப்பிட்டு, ஒரே வகைச் சொற்களாற் கற்பிக்க. பொறியியல் கற்ற தமிழிளைஞரே, குறியீடுகளை ஒரு தாளில் தமிழில் எழுதி, உங்கள் பட்டறைச் சுவரில் இத் திங்களே ஒட்டுக! முதலிரண்டுக்கும் நாம் போராட வேண்டும். மூன்றாவதற்கு ஒருவர் இசைவும் வேண்டா.

முக்கோணத்திற்கு மொழியில்லை; அதைக் கற்பவனுக்கு உண்டு. அவன் மொழியிற் கற்பியுங்கள்; அதன்பின் அவன் பற்றில் பிழை தேடுங்கள்!